ஓ.டி.க்காக வந்தவர்கள்

வேலப்பன்சாவடிக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் இஃபத்துக்குக் கபடி என்றால் உயிர். பூந்தமல்லியில் மெத்தை தைக்கும் அஸ்கர் பாயின் மகள். பாடி வருகிறவளின் கணுக்காலை அவள் பிடித்தால் பிடித்ததுதான். ஆனாலும் கல்லூரி அணி போன இரண்டு வருடமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. இதுதான் கடைசி வருடம். கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

மற்ற ஆறு பேரா? அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறீர்கள்! காலைப் பயிற்சிக்கு வந்தால் முதல் இரண்டு வகுப்புக்கும் வருகை போட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் ஆன் டியூட்டி, சுருக்கமாக ஓ.டி. கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் நேராகக் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு இஃபத் காத்திருப்பாள். பற்றிக்கொண்டு வராதா?

வந்தது. புத்தி கெட்டுப்போய் நேராகக் கல்லூரி முதல்வரிடம் போனாள். "ஆடாதவங்களுக்கு ஓ.டி. குடுக்காதீங்க சார்" என்றாள். பயந்துபோயாவது ஆட வருவார்கள் என்று நினைத்தாள். யார் ஆடுகிறார்கள், யார் ஆடவில்லை என்று பார்க்க முதல்வருக்கு ஏது நேரம்? மறுநாளே சுற்றறிக்கை வந்தது: பயிற்சிக்கு இனி யாருக்கும் ஓ.டி. கிடையாது.

அதோடு சரி. மைதானத்துக்கு ஒருத்தியும் வரவில்லை.

கள்ளிக்குப்பத்து ஷோபனா மட்டும் மனம் வைத்து ஆடுகிறவள். அவளை இஃபத் பஸ் ஸ்டாப்பில் மடக்கினாள். "நீ கூடவாடி ஓ.டி.க்கு வந்தே?"

"எங்கம்மா வேலைக்குப் போறதுக்குள்ள ஊட்டு வேலைய யார் பாக்குறது? காலேஜ்ல கட்டாயம்னு சொல்லி, அந்த ஓ.டி. சீட்ட காட்டித்தான் வந்துகினு இருந்தேன். இப்ப இன்னாத்தடி காட்டுவேன்? ஆசையா கீதுன்னா உட்ருவாங்களா? போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ?"

இஃபத் முதல்வர் அறைக்கு மறுபடி ஓடினாள். "நீதானம்மா கேட்டே?" என்றார் அவர். போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாளன்று உடற்கல்வி ஆசிரியை சுலோசனா படிவத்தை மடித்து மேஜைக்குள் போட்டார். "ஏழு பேர் வேணும்மா. உன் ஒருத்தி பேர வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அன்று சாயங்காலம் அஸ்கர் பாய் தையலை நிறுத்திவிட்டு ஆவலாகக் கேட்டார்: "மேட்ச் என்னிக்கும்மா? கடைய மூடிட்டு வந்துடறேன்."

"டீம கலைச்சிட்டாங்க அத்தா."

"அடப்பாவிங்களா! எவன் கலைச்சான்? சொல்லு, நான் வந்து கேக்கறேன்."

"நான்தான் அத்தா" என்றாள்.