மைனஸ் எண்பதில் என் சொந்தங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தே குடிக்கும் கடையில் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டுகிறார். "நான் அந்த டாக்டர் இல்லை, பயோகெமிஸ்ட்" என்றால், "பரவால்ல அங்கிள், சும்மா பாருங்கலா" என்கிறார்கள். பார்க்கிறேன். பொன்னாடையும் கேடயமுமாக இங்கே கழிந்த இருபத்தோரு ஆண்டுகளில், எவரும் முழுதாக நம்பிய என் ஆய்வு இது ஒன்றுதான்.

மின்சாரத்துக்காகப் புலம்பெயர்ந்தவன் நான். திருச்சி ஆய்வகத்தில் கரண்ட் போனால் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விரைவேன். போய்ச் சேர்வதற்குள் ஐஸும் நொதிகளும் சேர்ந்தே உயிரை விட்டிருக்கும். இங்கே வந்த முதல் நாள், மைனஸ் எண்பது டிகிரி ஃபிரீஸர் இடைவிடாமல் உறுமுவதைக் கேட்டுக் கண்கலங்கி நின்றேன். ரப்பர் கையுறை போட்டால் சிலருக்குத் தோல் தடிக்குமே, அதற்குக் காரணமான புரதத்தை வெட்டும் நொதியை உருவாக்குவது என் வேலை. நூற்றுக்கணக்கான வகைகள் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் அதன் குணத்தையொட்டி ஒரு சொந்தக்காரரின் பெயர். சூடு பட்டதும் துவண்டால் சித்தப்பா. உப்பைக் கண்டு முறுக்கிக்கொண்டால் மாமா. எண்கள் மறந்துபோகும், உறவு மறக்காது என்று நம்பினேன். அறிவியலில் நான் செய்த ஆகப்பெரிய பிழை அது. குறிப்பேட்டில்கூட "அத்தை இன்று ஒத்துழைத்தார்" என்றுதான் இருக்கிறது.

இப்போது என் வேலை பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை விமானம். நொதி அடைத்த குழாய்களை ஊருக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. குணம் எழுதிப் பட்டியலில் ஏற்றாதவற்றை வேகவைத்துக் கொட்டிவிடுவார்களாம். "தெரியாது" என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும் உதவியாளர் சாந்தி நான்கு நாளாகப் பெயரைப் படித்தார், நான் குணத்தைச் சொன்னேன். வியாழன் மதியம், குணம் நினைவுக்கு வராத ஏழு குழாய்கள் மிஞ்சின. உடல் சூட்டிலும் தளராத என் ஒரே வெற்றி அவற்றில் ஒன்று. எது என்று சோதிக்க மாதங்கள் வேண்டும்.

"கும்பகோணம் அத்தை. இவங்க என்ன பண்ணுவாங்க சார்?"

முகமே ஞாபகம் வரவில்லை.

"எதையாச்சும் எழுதிருங்க சார். யாருக்குத் தெரியப் போவுது?"

"அத்தைக்குத் தெரியும்மா."

திருச்சியில் இருக்கும் அண்ணனை அழைத்து, அத்தை எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

"டேய், அவ செத்து மூணு வருஷம் ஆச்சு. அப்ப டிக்கெட் கிடைக்கலேன்னே. இப்ப எதுக்குடா கேக்கறே?"

ஆராய்ச்சிக்கு என்று எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்குச் சாந்தி ஆய்வகக் கழிவுக்கான மஞ்சள் பையை விரித்தார். "போட்டுடவா சார்?" கையிலிருந்த குழாயில் பனி கரைந்து, அத்தையின் பெயர் மையாக என் விரலில் ஒட்டியிருந்தது. ஊரில் அவர் பாடையைத் தூக்கியவர்களில் நான் இல்லை. இங்கே அவருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. பையை நானே வாங்கி, அத்தையை அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டேன்.