லைன் லீடரின் பிரீஃபிங்

மலேசியாவின் கூலிம் நகரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது அண்ணனை லாரி இடித்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்கு முன் தொழிற்சாலையில் ஓர் உற்பத்தி வரிசையை நடத்தும் லைன் லீடர் அவர். பிறகு சுங்கை லாலாங்கில் உள்ள எங்கள் வீட்டில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரும், அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டும்தான். அவருடைய பழைய லைன் ஆட்கள் சாயங்காலம் அவரவர் வீட்டிலிருந்து அதில் சேருவார்கள். ஷிப்டுக்கு முன் செய்ததைப் போலவே அண்ணன் பிரீஃபிங் கொடுத்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும்.

“டேய், எல்லாரும் இருக்கீங்களா? நேத்து மாதிரி கண்ணு தெரியாம ஓடாதீங்க. சேஃப்டி முக்கியம்.”

“சேஃப்டி ஷூ போட்டாச்சு லா, லீடர்!”

அந்தச் சிரிப்பு அடுப்படி வரை கேட்கும்.

பிறகு பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது என்றார்கள். புதியது இந்தக் கம்ப்யூட்டரில் ஏறாது. நான்தான் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடலாம் என்றேன். அதிலும் விளையாட்டுக்கென்றே செய்த ஒன்றாகத் தேடிப் போட்டேன். கார் விளையாட்டு, பந்து விளையாட்டு எல்லாம் முன்பைவிட நன்றாக ஓடின. அந்தத் துப்பாக்கி விளையாட்டு மட்டும் ஓடவில்லை. கள்ள ஆட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க அதில் ஒரு காவல் புரோகிராம் உண்டு. லினக்ஸ் என்றாலே அது வெளியே தள்ளிவிடும். படுக்கையில் கிடக்கிற மனிதரைக் கள்ளன் வரிசையில் நிறுத்திவிட்டார்கள், பாவிகள்.

லைன் ஆட்களை லினக்ஸில் ஓடும் வேறு விளையாட்டுக்கு வரச் சொன்னேன்.

“லீடருக்காக வரமாட்டோமா தம்பி?” என்றார்கள்.

வந்தார்கள், கொஞ்ச நாள். பிறகு ஒருவருக்கு ஓவர்டைம், ஒருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல். நண்பர் பட்டியலைத் திறந்தால் எல்லாரும் பழைய விளையாட்டில் இருப்பதாகக் காட்டியது. அண்ணனும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுடறேன் அண்ணே. வைரஸ் வந்தா வரட்டும்.”

“வேணாம்டா.”

“ஏன்?”

“அந்த ஆட்டத்துல வேற ஆள லீடரா போட்டுட்டானுங்க. லைன் நல்லாத்தான் ஓடுது. நான் போயி என்ன செய்ய?”

தொழிற்சாலையிலும் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வேறு ஆளைப் போட்டார்கள். அன்றைக்கு இதே ஆட்கள்தான் அதற்காகக் கோபப்பட்டார்கள்.

இப்போது அண்ணன் தனியாகக் கார் ஓட்டுகிறார். ஹெட்செட் போடுவதில்லை.

போன வாரம் பாசாரில் மீன் வாங்க வந்த லைன் ஆட்களில் ஒருவர் என்னைப் பிடித்தார்.

“லீடர் எப்படி இருக்காரு தம்பி?”

“வீடு அங்கேயேதான் இருக்கு, அண்ணே. வர்றதுக்கு எந்த சிஸ்டமும் போட வேணாம்.”

தலையாட்டினார். மீன் பையை எடுத்துக்கொண்டு போனார். இதுவரை வரவில்லை.