சரிங்கம்மாவும் ஹாரன்காரரும்

சரிங்கம்மா வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. கடையில் யாராவது குரலை உயர்த்தினால் இன்னமும் என் தலை தானாக முன்பக்கம் திரும்புகிறது, அவள் எழுந்துவிட்டாளா என்று பார்க்க.

மூக்குக்கண்ணாடிக் கடை என்றால் அமைதியான இடம் என்று நினைப்பீர்கள். வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும். கண் தெரியாதவருக்குக் கோபம், தெரிய ஆரம்பித்த பிறகு விலையைப் பார்த்தவருக்கு இன்னும் கோபம். பின்பக்கத் தடுப்புக்குள் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிற எனக்கோ எப்போதும் மூக்கின் மேல் கோபம். இந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் மனுஷியாக இருந்தாள். சேர்ந்தாற்போல் இருபத்தொரு வருடம்!

யார் என்ன கத்தினாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் "சரிங்க." அதனால் நாங்கள் வைத்த பெயர் சரிங்கம்மா. ஆனால் அதோடு நிற்க மாட்டாள். கல்லாமேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். "இப்ப சொல்லுங்க, மொதல்லேர்ந்து" என்பாள். எதிரே நிற்கிறவரிடம் சண்டை போடலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் போடுவது? பாதிப் பேர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

தெய்வப்பிறவி என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட வாங்கிய பேனாவோடு நடையைக் கட்டியவர்களை அவள் மன்னித்ததே இல்லை, தெருமுனை வரை துரத்திப் போவாள்.

வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த மாமனாருக்கு ஊட்டிவிட்டுத்தான் தினமும் வேலைக்கு வருவாள். பல நாள் ரவிக்கைக் கையில் கறை இருக்கும். "இன்னிக்கும் தட்டத் தள்ளிவிட்டாரா?" என்று கேட்டால், "கையத் தூக்க முடியலேன்னு அவருக்குக் கோவம்ணே. தட்டு என்ன பண்ணும், பாவம்" என்று சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் எரிச்சலாக வரும். இளிச்சவாய் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாட்களில்தான் ஹாரன்காரர் வந்தார். பேருந்து ஓட்டுநர், ஐம்பதைத் தொட்ட வயது. குரல் அப்படி என்பதால் அந்தப் பெயர். புதுக் கண்ணாடி வாங்கிப்போன மறுவாரமே திரும்பி வந்து, "படி எகிறுது, ரோடு சாயுது, என்னத்தய்யா மாட்டிக் குடுத்தீங்க?" என்றார். தடுப்புக்குள்ளிருந்தே நான், "புதுசு அப்படித்தான் இருக்கும், பழகணும்" என்று கத்தினேன். அடுத்த வாரமும் வந்தார். அன்று சரிங்கம்மா லீவு. நான் வெளியே போய் நாலு பேர் முன்னால், "கண்ணாடியில ஒரு கோளாறும் இல்ல, கோளாறு உங்க கண்ணுல" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். அந்த மனிதர் பதில் பேசாமல் போனதை என் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை வந்தது ஒரு செவ்வாய் மாலை. கதவைத் தள்ளிய வேகத்தில் மணி அறுந்து விழுந்தது. "வியாழக்கிழமை எனக்குக் கண் பரிசோதனை. தேறலேன்னா ஸ்டீயரிங்கத் தொட விடமாட்டாங்க. இருபத்தாறு வருஷ வேலை! இந்தக் கண்ணாடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கண்ணாடியைக் கல்லாமேசை மேல் வீசினார்.

"சரிங்க" என்றாள். எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே கத்தினார். அவள் அண்ணாந்து பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதர் நின்றுகொண்டே கத்துவார்? உட்கார்ந்தார்.

"எந்தக் கண்ணு ரொம்பத் தொல்லை குடுக்குது?"

"வலதும்மா. அதான் முன்னாடி நல்லாத் தெரிஞ்ச கண்ணு. இதப் போட்டா அதுதான் மொதல்ல கெடுது."

அவள் டாக்டர் சீட்டின் நகலைத் தேடி எடுத்துக்கொண்டு, கண்ணாடியோடு என்னிடம் வந்தாள். "இத ஒரு தடவ அளந்து பாருங்கண்ணே."

"என் வேலையில சந்தேகமா உனக்கு?"

"உங்க மேலயும் சந்தேகம் இல்ல, அவரு மேலயும் சந்தேகம் இல்ல. கண்ணாடி மேலதான்."

வேண்டாவெறுப்பாகக் கருவியில் வைத்தேன். வலது லென்ஸின் அளவைப் பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன். மறுபடி கருவியைப் பார்த்தேன். காது சுட்டது.

எங்கள் தொழிலில் மட்டும் நடக்கிற தப்பு இது. ஃபிரேமைக் கவிழ்த்து, காதுக் கம்பி மேலே வரும்படி வைத்தால், போடுகிறவரின் வலது நமக்கும் வலது. மல்லாத்தி வைத்தால் வலது இடதாகிவிடும். வேறு வடிவமாக இருந்தால் லென்ஸே பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். அவருடையது வட்ட ஃபிரேம், எதுவும் எதிலும் உட்காரும். அதை மாட்டிய நாள் காலையில் நான் மின்விசிறி ரிப்பேருக்காக முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு, அந்தக் கொதிப்பிலேயே உட்கார்ந்து மாட்டியிருந்தேன். நல்ல கண்ணுக்கு மோசமான கண்ணின் கண்ணாடி. மூன்று வாரமாக.

"மாத்தி மாட்டிடறேன்" என்று கிசுகிசுத்தேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிருக்கோம்னு சொல்லிக் குடுத்துடு." எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்வார்கள். அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தன் கண்ணே போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காருண்ணே. கண்ணாடிய மாத்திடலாம். அந்த நெனப்ப யாரு மாத்துவா?"

பத்து நிமிட வேலைக்கு அன்று அரைமணி நேரம் எடுத்தேன். பிறகு நானே கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்: "தப்பு என்னுதுங்க. எடது வலது மாத்தி மாட்டிட்டேன். அன்னிக்கு உங்க கண்ணுல கோளாறுன்னு சொன்னதும் தப்புதான்."

அடி விழும் என்றே எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். வாய்விட்டுப் படித்தார். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்றார். அந்தக் குரலில் ஹாரன் இல்லை. "நேத்துதான் மச்சான் வீட்டுக்குப் போய், எங்கயாச்சும் வாட்ச்மேன் வேலை கெடைக்குமான்னு கேட்டுட்டு வந்தேன். வாசல்லயே நிக்க வெச்சுப் பேசினான்."

சரிங்கம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வியாழன் சாயங்காலம் வாசலிலிருந்தே தெரு முழுக்கக் கேட்கும்படி, "தேறிட்டேன்!" என்ற சத்தம். சரிங்கம்மா கைதட்டினாள். அவர் நேராக என் தடுப்புக்கு வந்தார். அன்று திட்டாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துத் திட்டினார். வாட்ச்மேன் வேலை, மச்சான், மச்சான் பெண்டாட்டியின் முகம், தூங்காத ராத்திரிகள், ஒன்றும் பாக்கியில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் குறுக்கே பேசாமல் ஒருவரைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரிக்கும் கண்ணாடி மாத்தணும். நீங்களே மாட்டுங்க."

"நானா?" என்றேன்.

"வேற யாரு? இந்த ஊர்லயே இனிமே ஜென்மத்துக்கும் எடது வலது மாத்தி மாட்டாத ஆளு நீங்க ஒருத்தர்தான்யா."