கண்ணாடிக்குள் இருந்த முடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்தம்மாள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலைத் தாண்டினால் யாரும் முதலில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இடது தோளைத்தான் பார்ப்பார்கள். சேலைத் தலைப்பை ரவிக்கையோடு சேர்த்துக் குத்தியிருக்கும் புரூச் இன்றைக்கு எது என்று தெரிய வேண்டும். வெள்ளித் தும்பியா, கல் உதிர்ந்த மயிலா, பொடி முத்து பதித்த பட்டை ஊசியா?

"பட்டாளத்துக்காரி மெடலக் குத்திக்கிட்டுக் கெளம்பிட்டாடீ" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் விறைப்பாக ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவாள்.

பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறிப்பவள். அங்கேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பெரியமுத்துவுக்கு ஃபேக்டரியில் தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. தாலியையும் ஒரு ஜோடித் தோட்டையும் விட்டால் சாந்தம்மாளுக்கு நகை என்று எதுவும் கிடையாது. அதில் அவளுக்குக் குறையும் இல்லை. வெள்ளைக்காரிகள் குத்திக் கழித்த பழைய புரூச்சுகள் மேல்தான் அவளுக்குத் தீராத ஆசை.

கல்யாணமான புதிதில், கிறிஸ்துமஸ் டான்ஸ் முடிந்த மறுநாள் துரைமார் கிளப் புல்வெளியைக் கூட்டப் போன இடத்தில் கிடைத்தது அந்தத் தும்பி. ஓடிப்போய்த் துரைசானியிடம் நீட்டினாள். அவள் வளைந்திருந்த ஊசியைப் பார்த்துவிட்டு, நீயே வைத்துக்கொள் என்று கையை அசைத்துவிட்டாள். குமுளியில் ஒரு நகைப் பத்தர் புது ஊசி வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பினார்கள். போகிறபோது தட்டுமுட்டுச் சாமான்களைக் கிளப் வராந்தாவில் பரப்பி விற்பார்கள். மற்றவர்கள் பீங்கானுக்கும் கம்பளிக்கும் அடித்துக்கொள்ளும்போது சாந்தம்மாள் ஓரத்தில் கிடக்கும் பொத்தான் டப்பாக்களைக் கிளறிக்கொண்டிருப்பாள். உடைந்தது, கல் விழுந்தது, கறுத்துப்போனது என்று எதுவானாலும் சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து எலுமிச்சைத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பழைய பிஸ்கட் டின்னில் பஞ்சுக்கு மேல் வரிசையாக வைப்பாள்.

அப்படி வந்ததுதான் அந்த முட்டை வடிவப் புரூச். சுற்றிலும் கறுப்பு மெருகிட்ட தங்க நிற விளிம்பு, நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள் பாய் முடைந்த மாதிரி மெல்லிய பொன்னிழைகள். இவ்வளவு சன்னமாகத் தங்கத்தை இழுக்க முடியுமா என்று அவளுக்கு ஒரே வியப்பு. மற்றதையெல்லாம் மாற்றி மாற்றிக் குத்தினாள். இதை மட்டும் ஒரு நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்தாள்.

மகள் பூமாரியின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு மலையின் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலை. அவன் தாய் மூக்கம்மாள் எதற்கும் சகுனம் பார்க்கிறவள், மற்றபடி நல்லவள். கல்யாணத்தன்று சாந்தம்மாள் அரக்கு நிறச் சேலையில் பொன்னிழைப் புரூச்சைக் குத்திக்கொண்டு பந்திக்கு நடுவே பறந்துகொண்டிருந்தாள்.

விருந்துக்கு வந்திருந்தார் பட்லர் மத்தியாஸ். பெரிய பங்களாவில் ஆயுசு முழுக்க உழைத்து ஓய்ந்த கிழவர். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் அவள் தோளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சாந்தா, இது ஒனக்கு எப்பிடி வந்துச்சு?"

"கெளப்பு வராந்தாவுல வாங்குனேன், பட்லரய்யா. தங்க இழை. நல்லாருக்குல்ல?"

"தங்கமில்லம்மா. முடி." அவர் குரல் இறங்கியது. "நான் குசினியில சட்டி கழுவுன காலம். அப்ப இருந்த தொரைக்கு ஒரே பொம்பளப் புள்ள. விஷக் காய்ச்சல்ல போயிருச்சு. அதோட முடிய வெட்டிச் சீமைக்கு அனுப்பி இத அடிச்சு வாங்குனாங்க தொரைசானி. ஒரு நா கூடக் குத்தாம இருந்ததில்ல. அப்புறம் அவுகளும் போய்ச் சேந்துட்டாக. பங்களா பீரோவுல எங்கயோ கெடந்திருக்கும்."

சாந்தம்மாளின் கை தானாகத் தோளுக்குப் போனது. பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்ற மூக்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"செத்த புள்ளயோட முடியவா கல்யாண வீட்டுல குத்திக்கிட்டு நிக்கிறீக, மதினி?"

சாந்தம்மாள் அங்கேயே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஆனால் சேதி அடுத்த வாரத்துக்குள் எல்லா லயத்துக்கும் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கேலியும் சலாமும் நின்றன; கிணற்றடியில் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் அவளைக் கண்டால் விலகி நடந்தார்கள்.

தூக்கிப் போட்டிருக்கலாம். பெரியமுத்து அதைத்தான் சொன்னான். அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பூமாரிக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்து, நடக்கத் தொடங்கிய பருவத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அவன் முதல் முடியை மாரியம்மனுக்கு இறக்கி ஆற்றில் விட்டிருந்தார்கள். சட்டையைக்கூடக் குழியில் போட்டாகிவிட்டது. போட்டோ ஏது? அவன் முகமே இப்போது அவளுக்குச் சரியாக நினைவில் நிற்பதில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரி, தன் பிள்ளையின் முடியைக் கண்ணாடிக்குள் வைத்து ஆயுசு முழுக்கத் தோளில் சுமந்திருக்கிறாள். அதைச் சாக்கடையில் எறிய எந்தக் கை துணியும்?

உரியவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். உரியவர்கள் யார்? மத்தியாஸிடம் போனாள். அந்தத் துரையின் பேர் அவருக்கு நினைவில்லை. 'பெரிய தொரை' என்றே கூப்பிட்டுப் பழக்கம்.

"நீங்களாச்சும் வச்சுக்கங்க, பட்லரய்யா."

கிழவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அந்தப் புள்ளயத் தூக்கிச் சொமந்தவன்மா நானு. அத வச்சுக்கிட்டு எனக்கு ஒறக்கம் வராது."

இதற்குள் பூமாரி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப வேண்டும். வளைகாப்பன்று மூக்கம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அந்தச் சனியன் ஒங்க வீட்டுல இருக்குற வரைக்கும் எம்மருமக அங்க வரமாட்டா, மதினி. கோவிச்சுக்கிறாதீக."

சாந்தம்மாள் பாதிரியாரைத் தேடிப் போனாள். மலை மேல் இருந்த பழைய வேதக்கோயில் அவர் பொறுப்பில் இருந்தது. பின்னால் வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அந்தப் பிள்ளையின் கல்லறையிலேயே இதை வைத்துவிடச் சொல்லிக் கேட்டாள். பாதிரியார் புரூச்சை வாங்கிப் பார்த்தார்.

"பேரு தெரியாம எந்தக் கல்லறையிலம்மா வைக்கிறது? அதுவுமில்லாம, ஒரு கல்லறையத் திறக்கணும்னா சபையில கேக்கணும். மழை முடியட்டும், பாப்போம்."

"அதுவரைக்கும் கோயில்ல வச்சிருங்களேன், ஐயா."

"காணாமப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

அவள் திரும்பிப் போகவில்லை. மழைக்குப் போடும் கொங்காணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்தாள். பாசி பிடித்த கற்கள். எழுத்து இங்கிலீஷ். தமிழிலேயே அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். சின்னக் கற்களாகப் பார்த்தாள். ஒன்றல்ல, வரிசையாகக் கிடந்தன. இத்தனை பிள்ளைகளா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு கல்லின் மேல் செதுக்கிய ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. இதுதான் என்று மனம் சொல்ல, குந்தி உட்கார்ந்து விரலால் ஈர மண்ணைத் தோண்டினாள். புரூச்சைக் குழிக்குள் வைத்தும்விட்டாள். மண்ணைத் தள்ளப் போகும்போதுதான் சந்தேகம் வந்தது. இது வேறு யாருடைய பிள்ளையாகவோ இருந்தால்? தன் பிள்ளையின் முடியை ஊரான் பிள்ளை குழியில் வைத்தால் அந்தத் தாய் பொறுப்பாளா? எடுத்துத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டாள். மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நின்றாள்.

நாட்கள் ஓடின. பூமாரி வரவில்லை. ஒருநாள் சாந்தம்மாளே மகளைப் பார்க்கப் போனாள். மகள் கால் வீங்கி, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பயமாருக்கும்மா. அத எங்கயாச்சும் போட்டுரும்மா. எம்புள்ளயவிட ஒனக்கு அந்த முடிதான் பெருசா?"

சாந்தம்மாள் மகளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து நீவினாள். "இந்த ஞாயித்துக்கெழம ஆத்துல விட்டுர்றேன்த்தா" என்று கடைசியில் சொன்னாள். விட்டிருப்பாளா? அவளுக்கே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால், அலமாரியில் பிஸ்கட் டின் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பெரியமுத்து அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தான். ஒளிக்கவில்லை.

"ஃபேக்டரி அடுப்புல போட்டுட்டேன்."

"முடி இருந்ததையா?"

"எல்லாத்தையும். எது எவ வீட்டு எழவுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு புள்ளயக் கொண்டுபோய்க் குழியில வச்சேன். இன்னொண்ணுக்கு என்னால ஆகாது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், குழி என்று அவன் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டாள். மறுநாள் ஃபேக்டரிக்குப் பின்னால் சாம்பல் கொட்டுகிற மேட்டுக்குப் போய்க் குச்சியால் கிளறினாள். உருகி உருண்டையான ஏதோ ஓர் உலோகத் துண்டு அகப்பட்டது. தும்பியா மயிலா, சொல்ல முடியவில்லை. முடி என்ன ஆகியிருக்கும் என்று கேட்கவே வேண்டியதில்லை. அவள் குந்தி உட்கார்ந்து கையாலேயே சாம்பலை அளைந்தாள். காவல்கார வாட்சர் வந்து, "என்ன தேடுற, சாந்தம்மா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லண்ணே" என்றாள்.

பூமாரி தாய்வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு. மூக்கம்மாள் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாத்தீகளா மதினி? அது போச்சு, எல்லாம் சரியாப் போச்சு." லயத்துப் பெண்களும் அதையே சொன்னார்கள். கிணற்றடியில் மறுபடி பேச்சுக் கொடுத்தார்கள்.

சாந்தம்மாள் என்ன சொல்ல முடியும்? அது இருந்திருந்தாலும் குழந்தை இப்படித்தான் பிறந்திருக்கும் என்று சொன்னால் கேட்பார்களா? சொல்லத்தான் அவளுக்குத் துணிச்சல் உண்டா? பேத்தியைப் பார்த்து அவள் பூரித்துத்தான் போனாள். பூரிக்கும்போதெல்லாம், அவர்கள் சொன்னதற்குத் தானும் தலையாட்டுகிற மாதிரி இருந்தது. ஒருமுறை மத்தியாஸ் எதிரில் வந்தார். "கொண்டுபோய்ச் சேத்துட்டியா, தாயி?" என்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டாள்.

பேர் வைக்கிற நாளுக்கு முன்னால் பெரியமுத்து கம்பத்துக்குப் போய் வந்தான். குழந்தைக்குக் கொலுசு, மகளுக்குச் சேலை. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினான். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய புரூச். கில்ட் பூசிய பட்டாம்பூச்சி, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிக் கற்கள்.

"புத்தம் புதுசு. யாரும் போட்டதில்ல. நானே பாத்து எடுத்தேன்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் தகரம் கூர்மையாக இருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தலைப்பை இழுத்துச் சரிசெய்து, தோளில் குத்திக்கொண்டாள்.

"நல்லாருக்கா?" என்று அவன்தான் கேட்டான்.

"நல்லாருக்கு" என்றாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. தொட்டிலை ஆட்டப் போனாள்.