கத்திக்குப் பதில் ஒரு மர ஆப்பு

செண்பகவல்லிக்குப் போலீஸ் வேலை கிடைத்தபோது திருவனந்தபுரம் கரமனைத் தெருவில் யாரும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. "பெண்பிள்ளைக்கு வேற உத்தியோகமே இல்லையா?" என்று அவள் அப்பாவிடமே கேட்டார்கள். அவர் சாலைக் கடைவீதியில் ஒரு அரிசி மண்டியில் எடை போடுகிறவர். வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

அவள் போலீஸில் சேர்ந்ததற்குக் காரணம் கிழக்கேகோட்டை பஸ்தான். டுடோரியலுக்குப் போன இரண்டு வருஷமும் விரலிடுக்கில் ஒரு பெரிய ஊக்கைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் நெரிசலில் நிற்பாள். ஒருநாள் பின்னால் வந்து உரசியவனின் தொடையில் குத்திவிட்டாள். அவன் போட்ட கூச்சலில் பஸ் நின்றது. கண்டக்டர் அவளைத்தான் இறக்கிவிட்டார். மணக்காடு வளைவில் வெயிலில் நின்றபடி, இனி ஒளித்துப் பிடிக்க வேண்டிய எதுவும் கையில் இருக்கக் கூடாது என்று முடிவுசெய்தாள். மறு வருஷம் பரீட்சை எழுதித் தேறி, கான்ஸ்டபிள் ஆனாள்.

தொண்ணூற்று மூன்றில் அவளை விமான நிலையத்துக்கு மாற்றினார்கள். பெண் பயணிகளைச் சோதிக்கும் அறை அவள் பொறுப்பு. அறை என்றால் மூன்று பக்கம் பலகை, முன்னால் பச்சைத் திரை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு மர மேடை, கையில் பீப் அடிக்கும் கருவி. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. விமானத்தில் கொண்டுபோகக் கூடாத சாமான்களை வாங்கி, பதிவேட்டில் எழுதி, அதில் போட வேண்டும்.

வேலைக்கு வந்த ஒரு மாதத்திலேயே அந்தப் பெட்டியில் என்ன சேருகிறது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. வியாபாரத்துக்கும் சுற்றுலாவுக்கும் போகிற பெண்களிடம் நகம்வெட்டி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும். வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிறவர்களிடம் இருப்பது வேறு. பவுடர் டப்பாவில் மிளகாய்ப்பொடி. ரவிக்கைக்குள் சவர பிளேடு, பனியன் துணியில் சுற்றியது. நுனி தீட்டிய குடைக்கம்பி. கேட்டால், "மீன்குழம்பு வைக்கதுக்கு," "சும்மா கெடந்தது," என்பார்கள். அவள் மேலே கேட்கமாட்டாள். எழுதுவாள், கையெழுத்து வாங்குவாள், பெட்டியில் போடுவாள். அவர்கள் திரையை விலக்கிக்கொண்டு போகும்போது முதுகு சற்றுக் கூனியிருப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

தொண்ணூற்றாறு ஆனி மாதம் காலை பத்தரை மணி குவைத் விமானத்துக்கு தாசம்மாள் வந்தாள். பாறசாலைக்காரி, நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. இரண்டு வருஷம் வேலைசெய்துவிட்டு லீவில் வந்து, அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். கருவி முழங்காலுக்குக் கீழே வந்ததும் பீப் அடித்தது. உள்பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்த இடத்தில் ஒரு கிழங்கு சீவும் கத்தி இருந்தது. விரல் நீளம்தான். ஆனால் நல்ல கூர்.

"இத இங்க வச்சிற்றுப் போணும் அக்கா," என்றாள் செண்பகவல்லி.

தாசம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அப்பம் நானும் போவல்ல, சாரே. எனக்க பெட்டிய எறக்கச் சொல்லுங்க." பெண் போலீஸையும் அங்கே "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னத்துக்கு?"

"அந்த வீட்டுல எனக்க அறைக் கதவுக்குக் கொண்டி, தாழ்ப்பாள் ஒண்ணும் கெடையாது. வேணும்னே கழத்தி வச்சிருக்கு. வீட்டுக்காரிக்க தம்பி ஒருத்தன் வந்து தங்குவான். ரெண்டு தடவ கதவு தானா தொறந்துது. ஆருன்னு கேட்டேன், அடைஞ்சுது. அதுக்குப் பெறவு அடுக்களக் கத்திய தலைமாட்டுல வச்சுதான் கெடப்பேன். பாத்துக்கிட்டாங்க, எடுத்துட்டாங்க. இது எனக்க கத்தி."

"பின்ன என்னத்துக்குத் திரும்பப் போறீங்க?"

"மோளு ஜெஸ்லின் நர்சிங் படிக்கா. இன்னும் ரெண்டு வருசம்."

திரைக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். மேலதிகாரிக்குச் சொன்னால் தாசம்மாளைத் தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்கள், விமானம் போய்விடும். போகமாட்டேன் என்று அவள் உட்கார்ந்திருக்கும்போது சொல்லாமல் விடவும் முடியாது. கத்தியை விட்டு அனுப்புவது என்ற யோசனைக்கே இடமில்லை. செண்பகவல்லி கத்தியைத் தகரப் பெட்டியில் போட்டாள். பிறகு, கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டாள்.

"அந்தக் கதவு உள்ளாற தொறக்குமா, வெளியவா?"

"உள்ளாறதான். ஏன் சாரே?"

பக்கத்தில் துடைப்பமும் வாளியும் வைக்கும் சாமான் அறை. அதன் கதவு தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க, அடியில் ஒரு மர ஆப்பு செருகியிருப்பார்கள். செண்பகவல்லி குனிந்து அதை உருவினாள். தாசம்மாளை அறைக்குள் நிற்கவைத்து, கதவைச் சாத்தி, உள்பக்கமிருந்து அடியில் ஆப்பைச் செருகி ஒரு மிதி மிதிக்கச் சொன்னாள். பிறகு வெளியே நின்று தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தள்ளத் தள்ள ஆப்பு இறுகியது. காத்திருந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளேயிருந்து தாசம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இதுல இரும்பு இல்ல," என்றாள் செண்பகவல்லி, கதவு திறந்ததும். "எந்த மிஷினும் அடிக்காது. ஆரு பாத்தாலும் மரத்துண்டுன்னுதான் நெனைப்பாங்க."

தாசம்மாள் ஆப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதிவேட்டில் கத்திக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். "வரட்டா சாரே," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆப்போடு போனாள்.

அன்று மதியம் சாப்பிடும்போதுதான் செண்பகவல்லிக்கு ஒரு சந்தேகம் வந்தது. இங்கே தரை சிமெண்ட், சொரசொரப்பு. அங்கே எல்லாம் வழுவழுத்த டைல்ஸ் என்று சொல்வார்களே, ஆப்பு வழுக்கினால்? வீட்டுக்கு வந்து கணவன் லிங்கத்திடம் கேட்டாள். அவர் சாலைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடையில் வேலைபார்க்கிறவர். "வழுக்கத்தான் செய்யும்," என்றார் உடனே. அதன்பிறகு சில வாரங்கள் குவைத் விமானம் கிளம்பும் நேரமெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. முகவரியில் "தமிழ் பேசும் பெண் போலீஸ், ஏர்போர்ட், திருவனந்தபுரம்" என்று மட்டும் இருந்தது. முதல் நாள் ஆப்பு சறுக்கியதாகவும், நனைத்த துணியை அடியில் போட்டதும் நின்றுவிட்டதாகவும் தாசம்மாள் எழுதியிருந்தாள். "அதுக்குப் பெறவு அவன் ஒருநாள் கதவத் தள்ளிப் பாத்தான். தொறக்கல்ல. நான் சத்தம்போட்டு ஜெபம் சொன்னேன். வீடு முழுக்க முழிச்சிக்கிட்டு. இப்பம் அவன் அங்க தங்கதில்ல."

லிங்கம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தச்சுப்பட்டறையில் ரப்பர் மரக் கழிவு வாங்கி வந்து, பன்னிரண்டு ஆப்பு செதுக்கினார். அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். தண்ணீர் ஊற்றிய மொசைக் தரையில் வைத்து, மனைவியை உள்ளே நிறுத்தி, தான் வெளியே நின்று கதவைத் தள்ளிப் பார்த்தார். ஆப்பு வழுக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டும் ஒரு மாதத்தில் போய்விட்டன. மிளகாய்ப்பொடியோ பிளேடோ கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறவளிடம் செண்பகவல்லி ஸ்டூலடியில் வைத்திருந்த கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்பாள். அடுத்த பன்னிரண்டில் ஐந்தாவதைக் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் வேலாயுதன் திரைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு, ஆப்பை மேஜைமேல் வைத்து, மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: "இது நல்ல சாமான்தான். நாளைக்கு இதைக் குடைந்து உள்ளே வேறெதையாவது வைத்து, உன் கூடையில் ஒருவன் போட்டுவிட்டால்? சோதனை முடிந்த பயணியின் கையில் சோதித்த போலீஸே ஒரு பொருளைக் கொடுப்பதா?"

அவர் சொன்னது சரி என்பது செண்பகவல்லிக்கே தெரிந்தது. அதுதான் அதிகம் உறுத்தியது. மெமோ கொடுத்தார்கள். ஆறு மாதம் சோதனை அறையிலிருந்து எடுத்து வாசல் டியூட்டியில் போட்டார்கள்.

வாசலில் அம்மிணியின் சாயாக்கடை இருந்தது. பயணிகளை வழியனுப்ப வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு நாளில் செண்பகவல்லி நடந்ததையெல்லாம் அம்மிணியிடம் சொன்னாள். அம்மிணி ஆற்றிக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தாள்.

"அவிட உள்ளதான கொடுக்கக் கூடாது? இது வெளி. என் கடையில நான் எதும் வைக்கும்."

அப்படித்தான் ஆப்புக் கூடை பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பெட்டியோடு நிற்கும் பெண்களை அம்மிணி கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போவாள். "கத்தி, மொளகுபொடி ஏதும் உண்டெங்கில் கூட வந்த உங்க ஆளுக்கிட்டயே கொடுத்துவிடு மோளே. உள்ள நாணங்கெட வேண்டாம். இதை எடு." உள்ளே போகும்போது ஆப்பும் மற்ற சாமான்களைப்போல இயந்திரத்தில் சோதிக்கப்பட்டே போகும். வேலாயுதன் அங்கேதான் தினமும் சாயா குடிப்பார். கூடையைப் பார்த்தார். ஒன்றைக் கையிலெடுத்து எடை பார்த்தார், திரும்பப் போட்டுவிட்டு, சாயாவுக்குக் காசு கொடுத்துப் போனார்.

செண்பகவல்லி சோதனை அறைக்குத் திரும்பியபோது தகரப் பெட்டி முன்போலச் சீக்கிரம் நிறையவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு மத்தியப் படை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அவளைக் கோட்டைப் பக்கத்து ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். சாலை விரிவாக்கத்தில் அம்மிணியின் கடையும் எடுபட்டது. அவள் மகளோடு இருக்கக் கல்லாற்றுக்குப் போய்விட்டாள். லிங்கம் பட்டறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்கடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை காலை கரமனை வீட்டு வாசலில் தாசம்மாள் நின்றாள். கூட உயரமாக ஒரு பெண், ஜெஸ்லின். படிப்பு முடிந்து, மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக வேலைபார்க்கிறாள். தாசம்மாள் வீட்டையும் கட்டி முடித்து, இனி எங்கேயும் போவதில்லை என்று வந்துவிட்டாள். ஸ்டேஷனில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"உள்ள வாங்க அக்கா," என்றாள் செண்பகவல்லி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முகம் உடனே தெரிந்தது. லிங்கம் மீன் வாங்கக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குவைத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜெஸ்லினுக்கு வந்திருக்கும் வரன் பற்றியும், பாறசாலையில் கட்டிய வீட்டில் கிணறு உப்பாக இருப்பது பற்றியும் பேசினார்கள். தாசம்மாள் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டாள். பிறகு, "எனக்குக் கொஞ்சம் கண்ண அசத்துது சாரே," என்று சுவரோரம் பாயில் சாய்ந்தவள், தெருக்கதவு விரியத் திறந்து கிடக்க, சாயங்காலம் நாலரை வரை நன்றாக உறங்கினாள். ஜெஸ்லின் அம்மாவை எழுப்பப் போனாள், செண்பகவல்லி விடவில்லை.