ஜெயிலிலிருந்து வந்த ஒரு ரூபாய் போன்கள்

எஸ்.டி.டி. பூத் தொழிலுக்குக் காதுதான் முதலீடு. ஊரார் வீட்டுச் சண்டை, சமாதானம், கல்யாணப் பேச்சு எல்லாம் வேண்டாமென்றாலும் வந்து விழும். பூத் வைத்துக் காலம் தள்ளிய சக பாவிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் நான் பூத் வைத்திருந்தபோது காசு கொடுத்துப் பேசியவர்களையெல்லாம் மறந்துவிட்டேன். இவர்களை மட்டும் மறக்கவில்லை.

வரவேற்பின் விலை

முருகேசன் திண்டுக்கல் பக்கத்து லாரி டிரைவர். ஒரு விபத்து வழக்கில் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடக ஜெயிலில் இருந்தார். அவர் மனைவி செல்வி எங்கள் எதிர்ச் சந்தில் குடியிருந்து, கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் போன் இல்லாததால் என் பூத்துக்குத்தான் அவர் கூப்பிடுவார்.

ஜெயிலில் வாரம் ஒருமுறை நாணயம் போட்டுப் பேசலாம். மாநிலம் தாண்டினால் எஸ்.டி.டி. கணக்கு, ஒரு ரூபாய் மூச்சு விடுவதற்குள் தீர்ந்துவிடும். இது தெரியாத நான் முதல் நாள் கடைப் பெயர், ஊர், தங்களுக்கு யார் வேண்டும் என்று வழக்கம்போல் நீட்டி முழக்கினேன்.

"அண்ணே, ஒங்க வரவேற்புக்கே ரெண்டு ரூவா போச்சு. செல்வியக் கூப்புடுங்க!"

முன்கூட்டியே

அன்று செல்வி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசிக் காசு வரை அழுதாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று அவர் கேட்டதற்குப் பதில் போகவில்லை.

அடுத்த வாரம் அரை மணி முன்னதாகவே வந்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருபாட்டம் அழுதாள். மணி அடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணீரென்று பேசினாள். என்னம்மா இது என்றேன்.

"அழுகுறத மொதல்லயே முடிச்சுட்டா, காசுக்குப் பேச மட்டும் செய்யலாம்லண்ணே."

முன்பின் தெரியாதவர்

ஜாமீன் கிடைத்தது. ஆனால் கர்நாடகத்தில் நிலம் உள்ள ஒருவர் மறுநாளே கோர்ட்டில் வந்து பொறுப்பேற்க வேண்டும். விட்டால் தசரா லீவு, பிறகு எப்போதோ. லோடு இறக்கிப் பழகிய விவசாயி ஒருவர் வருவார் என்று முருகேசன் சொல்லி, ஊர்ப் பெயரை ஆரம்பிக்கும்போது காசு தீர்ந்தது. செல்வி ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றாள். நான்தான் வாங்கி வைத்தேன்.

உடனே மறுபடி மணி. ஜெயில் வரிசையில் முருகேசனுக்கு அடுத்து நின்ற கன்னடக்காரர், தன் முறையில், தன் காசில் கூப்பிட்டு, முருகேசனிடம் கேட்டு விவசாயியின் முகவரியைச் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், உங்கள் வீட்டுக்குப் பேச வேண்டாமா என்று கேட்டு அவர் காசையும் கரைத்தேன்.

"நம்ம வீட்டுக்கு அடுத்த வாரம் மாத்தாடறேன். நீ மொதல்ல எழுது!"

முதல் போன்

செல்வி அன்றே பஸ் ஏறினாள். விவசாயி நிலப் பத்திரத்தோடு கோர்ட்டுக்கு வந்தார். அந்தப் புண்ணியவான்கள் இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. இன்றும் மனதில் கும்பிடுகிறேன்.

வெளியே வந்த முருகேசன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பூத்துக்குள் நுழைந்தார். கன்னடக்காரர் கொடுத்திருந்த நம்பரில் அவர் அம்மாவுக்குப் போன் போட்டு, மகன் நன்றாயிருக்கிறான், அடுத்த வாரம் பேசுவான் என்று தப்பும் தவறுமான கன்னடத்தில் சொன்னார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் யாருன்னே அந்தம்மாவுக்குத் தெரியாதுண்ணே. நீ சாப்பிட்டியான்னு கேக்குறாங்க."

அந்தப் போனுக்கு நான் காசு வாங்கவில்லை. பூத் நடத்தி நான் பட்ட நஷ்டங்களிலேயே நினைக்க நினைக்க வயிறு நிறைவது அது ஒன்றுதான்.