நீந்தத் தெரியும் என்று எழுதிய பதினொரு பேர்

1. கரையிலிருந்து வந்த குரல்

“விட்ராத! செல்வா, விட்ராத! கெட்டியாப் புடிச்சுக்கோ!”

கரையில் நின்று இவ்வாறு கத்தியவர் முரளிதரன். டெக்சாஸின் ரவுண்ட் ராக் நகரில் மென்பொருள் குழு ஒன்றின் மேலாளர். தண்ணீரில் பட்டத்தோடு இழுபட்டுக்கொண்டிருந்தவர் அவரிடம் வேலை பார்த்த செல்வகுமார். அந்த ஒரு சொல்லால் அன்று ஓர் உயிர் போயிருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் பொங்குகிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸின் தென்கோடியில், கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் மணல்தீவு அது. வசந்த காலத்தில் அங்கே காற்று ஓயாது. தீவின் உட்புறத்தில் இடுப்பளவே ஆழமுள்ள உப்பேரி பரந்திருக்கும். பெரிய பட்டத்தின் இழுப்பில் பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் கைட் விளையாட்டைக் கற்றுக்கொள்ள அதைவிடத் தோதான இடம் இல்லை என்பார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. உப்பேரியின் நடுவே சிப்பித் திட்டு இருக்கிறது. அதன் ஒவ்வொரு சிப்பியும் சவரக்கத்திக்குச் சமம். திட்டுக்குப் பக்கத்தில் ஆழமான வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. கடல் வடியும் வற்று நேரத்தில் உப்பேரித் தண்ணீர் முழுவதும் அதன் வழியேதான் கடலுக்கு விரையும். அதில் அகப்பட்டவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை.

2004-ஆம் ஆண்டில் நான் அங்கே ஒரு கைட் பள்ளியின் பழுதுபார்ப்பாளனாக இருந்தேன். கிழிந்த பட்டத் துணியைத் தைப்பது, காற்றுக்குழலின் ஓட்டையை அடைப்பது, நூல்களை அளந்து சமப்படுத்துவது, ஆபத்து நேர்ந்தால் படகை எடுப்பது ஆகியவை என் பணிகள். கொட்டகைச் சாவியும் என்னிடமே இருந்தது. நான் கையொப்பமிடாமல் பட்டத்தை மாட்ட இடுப்பில் கட்டும் ஹார்னஸ் ஒன்றுகூட வெளியே போகாது.

2. ஒரே பேனா

முரளிதரன் தம் குழுவை ஒரு சனிக்கிழமை காலை இரண்டு வேன்களில் அழைத்து வந்தார். டீம் அவுட்டிங் என்றார். என் பெயர் இப்ராஹிம் என்று அறிந்ததும் முகம் மலர்ந்தது.

“அட, நம்மூர் பாயா! சூப்பர். பாய், நம்ம பசங்க எல்லாம் எஞ்சினியர்ஸ். ஒன் அவர்ல பிக்கப் பண்ணிடுவாங்க பாருங்க.”

பள்ளியின் விதி எளியது. ஒவ்வொருவரும் தமக்குரிய ஃபார்மைத் தாமே நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். முதல் கேள்வியே நீந்தத் தெரியுமா என்பது. முரளிதரனோ ஒரு ஃபோல்டரிலிருந்து பதினொரு ஃபார்ம்களை எடுத்து நீட்டினார். எல்லாம் நிரப்பப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து, ஒரே ‘எஸ்’. கீழே கையொப்பம் மட்டும் தனித்தனியாக இருந்தது.

“டைம் வேஸ்ட் ஆகக் கூடாதேன்னு நானே ஃபில் பண்ணிட்டேன் பாய்.”

நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாங்கிக் கோப்பில் வைத்தேன். நம்மவர், மரியாதையாகப் பேசுகிறார், பத்துப் பேர் முன்னிலையில் எப்படி மறுப்பது என்ற கூச்சம். பிறர்மீது கோபப்படுவதற்கு முன் இந்தக் குற்றத்தை நான் என் பேரில் எழுதிவைக்கிறேன்.

3. வாய்க்கால்

கைட்டில் ஒரு விசித்திரம் உண்டு. நூல்கள் கட்டிய கைப்பிடிக் கம்பியான பாரை இறுக்கிப் பிடித்து இழுத்தால் பட்டம் மேலும் வலுவாக இழுக்கும். விட்டுவிட்டால் தணிந்துவிடும். பயந்தவன் எதையும் இறுக்கிப் பிடிப்பான். ஆகவே முதல் பாடமே விடுவதுதான்.

பள்ளி முதலாளி டக் அன்று பேராசைப்பட்டு ஒரு பயிற்சியாளரிடம் நான்கு பேரை ஒப்படைத்திருந்தார். பயிற்சியாளர் வேறொருவரின் நூல் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தபோது காற்று திடீரென்று வலுத்தது. செல்வகுமார் பயந்து பாரை இழுத்தார். பட்டம் அவரைத் தூக்கித் திட்டின்மேல் அடித்து, அப்பால் வாய்க்காலில் போட்டது.

“லெட் கோ! லெட் கோ!” என்று பயிற்சியாளர் கத்தினார். “விட்ராத!” என்று முரளிதரன் கத்தினார். காற்று கரையிலிருந்து வீசியதால் இரு குரல்களும் அவரை எட்டின. அவர் மேலாளரின் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்.

நான் படகை எடுத்தேன். நெருங்கும்போது அவர் தலை மூன்று முறை தண்ணீருக்குள் போய் வந்தது. இரு கைகளும் பாரை விடவில்லை.

“தம்பி, விடுப்பா! கையை எடு!” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார். நான் படகிலிருந்து குனிந்து, அவர் இடுப்பில் பட்டத்தைக் கழற்றிவிடும் குயிக் ரிலீஸின் சிவப்புக் குமிழை இழுத்தேன். பட்டம் செத்த பறவைபோல விழுந்தது. சட்டையைப் பிடித்து அவரைப் படகில் ஏற்றினேன். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சிப்பி கிழித்திருந்தது.

“ஏப்பா, விடச் சொன்னா விட மாட்டியா?”

உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அவர் சொன்னார்: “சார் விட்ராதன்னாருங்க.”

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“எங்கூரு வாய்க்கால்ல கூட எறங்குனதில்லீங்க. ஃபார்ம்ல சார் எஸ்னு போட்டுட்டாரு. என்னோட கிரீன் கார்டு ஃபைல் அவருகிட்டதாங்க இருக்குது. எப்படீங்க இல்லைன்றது?”

4. கொட்டகை வாசல்

கரையேறியதும் காலுக்குக் கட்டுப் போட்டோம். முரளிதரன் என்னைத் தனியே அழைத்தார்.

“பாய், ரிப்போர்ட் கிப்போர்ட்னு பெருசாக்காதீங்க. ஒண்ணும் ஆகலையே.”

“நீந்தத் தெரியாதவனுக்கு எஸ்னு எழுதியிருக்கீங்க.”

“நோன்னு எழுதினா எந்தக் கதவு திறக்கும்? ரெஸ்யூமேல எஸ் போடு, அப்புறம் கத்துக்கோ. நாம எல்லாரும் அப்படித்தானே பாய் இந்த ஊருக்கு வந்தோம்?”

நானும் அப்படித்தான் வந்தவன். ஹூஸ்டனில் படுதா தைக்கும் கூடத்தில் ஜிக்ஜாக் தையல் இயந்திரம் ஓட்டத் தெரியுமா என்றபோது, அதைக் கண்ணால் கண்டிராமலே தெரியும் என்றேன். ஒரு வாரத்தில் கற்றேன். ஆனால் அந்த வாரத்தில் கெட்டது துணி மட்டுமே. அந்தப் பொய்யின் விலையை நான் வேறொருவன் உடம்பில் வசூலிக்கவில்லை.

டக்கிடம் போனேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: “இப்ராஹிம், காகிதத்தில் எஸ் இருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது. பள்ளிக்குப் பழி ஒன்றும் வராது. மதிய வகுப்பைத் தொடங்கு.”

முரளிதரனும் அதையே சொன்னார். “ஒருத்தனுக்கு அடிபட்டதுக்கு டீமே சும்மா உக்காரணுமா?”

நான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டேன்.

“நீச்சல் தெரியாதவங்க யாரு? கையைத் தூக்குங்க.”

எல்லோரும் முரளிதரனைப் பார்த்தார்கள்.

“சொல்லுங்கப்பா, எல்லாருக்கும் தெரியும்ல?” என்றார் அவர்.

நான் கோப்பிலிருந்து மேலே இருந்த ஃபார்மை உருவினேன். “சார், உங்க ஃபார்ம்லயும் எஸ்னுதான் இருக்கு. அதோ என் படகு, அம்பதடி. அதுவரைக்கும் நீந்திக் காட்டுங்க. எல்லாருக்கும் ஹார்னஸ் குடுத்துடறேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவருடைய கால்சட்டையின் விளிம்புகூட நனையவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

“என்ன பாய், நம்மாளா இருந்துகிட்டு இப்படி இன்சல்ட் பண்றீங்க?”

“நம்மாளுன்னுதான் சார் காலையில வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

வேனின் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த செல்வகுமார் அப்போது கையைத் தூக்கினார். “எனக்குத் தெரியாதுங்க சார்.” தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. அடுத்து ஒரு பெண், “எனக்கும் தெரியாது அங்கிள்” என்றார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் எழுந்தன. எட்டு.

நான் கொட்டகையைப் பூட்டினேன். நடந்ததை ரிப்போர்ட்டில் எழுதினேன். ஃபார்ம்களை வாங்கி வைத்தது நான் என்பதையும் சேர்த்தே எழுதினேன். டக் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் கிழிந்த பட்டங்களைத் தைக்க அந்தத் தீவில் வேறு ஆள் இல்லை; என்னை வேலையிலிருந்து நீக்க அவரால் முடியாது. ஆகவே அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, படகைச் சுற்றி நீந்தி வராத எவருக்கும் நான் ஹார்னஸ் கொடுத்ததில்லை. டக் முணுமுணுத்தார்; அவ்வளவே.

செல்வகுமாரின் கிரீன் கார்டு என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தக் கையைத் தூக்கியதற்கு அவர் என்ன விலை கொடுத்தாரோ! என் கோபம் தணியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலைக்கு வரும் இளையோருக்கு நான் சொல்ல விரும்புவது பெரிய தத்துவம் அன்று. உங்கள் ஃபார்மை நீங்களே நிரப்புங்கள். ஐந்து ஆண்டுகள் அந்தப் படகை ஓட்டினேன். ‘நோ’ என்று எழுதிக் கொடுத்த ஒருவரையும் நான் அந்த வாய்க்காலிலிருந்து இழுத்து வர நேர்ந்ததில்லை.